மூன்று தட்டும் ஒரு தட்டும்

"மதி, போதும். தட்டித் தட்டிச் சுவரே இடிஞ்சிரும். காய்ச்சல் வரும்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"நெஞ்சு... எரியுது, ரத்னா."

"மூணு நாளா இதே பாட்டு. இனி தட்டுனா நான் திருப்பித் தட்ட மாட்டேன்."

இது கட்டுக்கதை இல்லை. 2009 ஆகஸ்ட், ஆரியசாலை, எங்கள் அடுத்த வீடு. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. என் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், நான் என்ன செய்ய?

மிளகாய் மண்டித் தூசியும் பீடிப்புகையும் முப்பது வருடம் தின்ற வேலாயுதனுக்கு நுரையீரல் ஊதிப்போய், ஆளைக் கூப்பிடவும் மூச்சில்லை. தம்ளரால் சுவரில் மூன்று தட்டு தட்டினால் 'இங்கே வா'. அடுக்களையிலிருந்து ரத்னாபாய் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் 'வாறேன்'. புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

கத்தி வைக்காத வைத்தியம் என்று வாய்வழியே குழாய் விட்டு, கெட்ட பகுதியைப் பசை மருந்தால் அடைத்து அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள். போகவில்லை. சண்டைக்கு மறுநாள் காலை உதடு நீலமாகிவிட்டது. நுரையீரல் முழுக்க அழற்சியாம். ஐ.சி.யூ.வில் போட்டார்கள். வாசலில் மகள் காத்திருந்தாள். ரத்னாபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானம். வீட்டில் அவள் மட்டும். பழக்கத்தில் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்துவிட்டாள்.

மணி 3.10.

டக்... டக்... டக்.

பூனையாக இருக்கும் என்று நினைத்தாள்.

3.14. மறுபடி மூன்று.

அறையை எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. தம்ளரும் இல்லை. ஆஸ்பத்திரிப் பையில் அவளே வைத்து அனுப்பியிருந்தாள்.

3.20.

டக்... டக்...

...டக்.

கரண்டியை எடுத்தாள்.

ஒரு தட்டு.

அது மட்டும் எனக்கும் கேட்டது.

அதன்பிறகு சத்தமே இல்லை. நாலு மணிக்கு மகள் போன் செய்தாள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து ஐ.சி.யூ. நர்ஸ் ஜெஸ்லின் வீட்டுக்கு வந்தாள். தொண்டையில் குழாயோடு, விரலில் மாட்டிய கிளிப்பால் கட்டில் கம்பியில் மூன்று மூன்றாகத் தட்டினாராம். யாருக்கும் புரியவில்லை.

"மூணு இருவதுக்குத் தலைமாட்டுச் சுவருல ஒரு தட்டு கேட்டுது அம்மா. அதோட அவரு கை ஓஞ்சுட்டு."

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?"

"யாரும் இல்ல அம்மா. அது மூணாம் மாடி, வெளிச்சுவரு."

ஜெஸ்லின் மறு வருடம் கல்யாணமாகி குவைத் போனாள். ரத்னாபாய் மகளோடு மார்த்தாண்டம் போய்விட்டாள், கரண்டியோடு. வீடு பூட்டிக் கிடக்கிறது.

மத்தியானம் மூன்றானால் என் ஜன்னலை நானே சாத்திவிடுகிறேன்.