ஏரிக்கரை மரத்தில் கட்டிய காலுறை

இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, அந்த ஆவணியில் அயர்லாந்துக்குப் போனாள். ஏதோ ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டு ஞானம் பெற்றுத் திரும்பினாள். பலெர்மோ வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவள் அங்கே வாங்கிய கம்பளிச் சட்டையோடு வீட்டுக்குள் திரிந்தாள். கேட்டால், அந்த ஆட்டு மணம் மனதுக்கு அமைதியாம்.

முதல் ஞாயிறு பின்னேரமே சிநேகிதிகளைக் கூப்பிட்டு, யன்னல்களைச் சாத்தி, சுவரில் சிலைட் படம் காட்டினாள். நான் காப்பித் தட்டோடு இருட்டுக்குள் நடமாடினேன். கண்டறியாத ஏரி! மழை, மழைக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் இன்னும் மழை. அடுத்தது தேத்தண்ணிக் கடை மாதிரி ஒரு சாராயக் கடை. அதற்குள் வயலின் வாசிக்கும் ஒரு கிழவர், காலடியில் நித்திரை கொள்ளும் ஒரு நாய். இரண்டுமே கலாசாரமாம்.

பிறகு வீடுகள் வந்தன. வைக்கோல் கூரை, வெள்ளையடித்த சுவர், ஒரே ஒரு அறை. சதுப்பு நிலத்தைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள், வீடெல்லாம் புகை. "எவ்வளவு உண்மையான வாழ்க்கை!" என்று மருந்துக்கடைக்காரரின் மனைவி பெருமூச்சு விட்டாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஓலைக் கூரை, ஒற்றை அறை, புகை, வாளியில் தண்ணீர் என்று என் ஏழு வயது மகள் அப்போது மன்னார்ப் பக்கம் ஒரு அகதி முகாமில் என் அக்காவோடு இருந்தாள். அந்த உண்மையான வாழ்க்கையிலிருந்து அவளை வெளியே எடுக்கத்தான் நான் ஐந்து வருடமாக இந்த வீட்டுத் தரையைத் துடைத்தேன்.

மகளை வரவழைக்க ஒரு கையெழுத்துத்தான் குறை. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று சிஞ்ஞோரா ஒரு தாளில் ஒப்பமிட வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" என்பாள். அந்த நாளை ஏழு மாதமாக விடியவில்லை. பிள்ளை வந்தால் நான் சமையலறைக்குப் பக்கத்து அறையை விட்டுத் தனி வீடு பார்த்துப் போய்விடுவேன். பிறகு இவளுக்குப் படுக்கையில் காப்பி நீட்ட ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசிப் படம் ஏரிக்கரையில் ஒரு புனிதக் கிணறு. பக்கத்தில் ஒரு முள்மரம், கிளையெல்லாம் துணித் துண்டுகள். நோயாளிகளுக்காகக் கட்டும் நேர்த்தியாம். அதை எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் ஊர்க் கோயில் மரத்திலும் தாய்மார் கட்டுவார்கள். "இப்படியொரு நம்பிக்கையை உலகத்தில் வேறெங்கும் காண முடியாது" என்ற சிஞ்ஞோரா, கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தாள். ஒரு குழந்தையின் வெள்ளைக் காலுறை. மரத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டு வந்துவிட்டாள்! நினைவுப் பொருளாம்.

மாதாவே! மறுநாளே அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினாள். தூசி தட்டுவது என் வேலை. "சிஞ்ஞோரா, இது யாரோ ஒரு தாயின் நேர்த்தி. திருப்பி அனுப்புங்கோ" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கட ஆக்களின்ர மூடநம்பிக்கை!" அயர்லாந்துக்காரி கட்டினால் நம்பிக்கை, மன்னார்க்காரி சொன்னால் மூடநம்பிக்கை. நல்ல நியாயம்.

மேல்மாடி வீட்டில் வேலை செய்த நெடுந்தீவு அக்காவிடம் போய்க் கொட்டினேன்.

"உனக்கென்ன விசரே? அதிலை கை வைச்சால் வேலை போகும். வேலை போனால் இஞ்ச இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோவும் போகும். பேந்து பிள்ளை எப்பிடி வாறது?"

"அக்கா, என்ர பிள்ளைக்கு நான் கட்டினதை ஒருத்தி அவிழ்த்துக்கொண்டு போனால்?"

அவ கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தா. பிறகு, "புதுசு ஒண்டு வாங்கித் தேத்தண்ணியிலை ஊறப் போடு. பழசு மாதிரி வரும்" என்றா.

போர்கோ வெக்கியோ சந்தையில் ஒரு சோடி குழந்தைக் காலுறை வாங்கினேன். ஒன்றைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, பூச்சாடி மண்ணில் தேய்த்துச் சட்டத்தில் போட்டேன். அசலைக் கடித உறையில் வைத்து, கிராமத்தில் சிஞ்ஞோராவுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த கிழவிக்கு அனுப்பினேன்; விலாசம் அந்தக் கிழவி சிஞ்ஞோராவுக்கு அனுப்பிய வாழ்த்து மட்டையில் இருந்தது. "இது ஒரு பிள்ளையினுடையது. தயவுசெய்து திரும்பக் கட்டுங்கள்" என்று பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எழுதினேன். அத்தோடு விட்டேனா? விலாசம் இல்லாத தாள் தாளே இல்லை என்று இந்த நாடு என்னைப் பழக்கியிருந்தது. உறையின் பின்னால் சிஞ்ஞோரா வீட்டு விலாசத்தை முத்து முத்தாக எழுதினேன். பேர் போடவில்லை. என்ன கெட்டித்தனம்!

பதில் வந்தது, சிஞ்ஞோராவின் கைக்கு. வாசித்தாள், சட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"ஓம் சிஞ்ஞோரா. நான்தான்."

கழுத்துவரை சிவந்தாள். "விருந்தாளிகள் போகட்டும். உன்னோட பிறகு கதைக்கிறன்." அன்று பின்னேரம் அதே சிநேகிதிகள் வருவதாக இருந்தது. வேலை போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். மகளை நினைத்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

காப்பியோடு கூடத்துக்குப் போனால், சுவரில் சட்டத்தைக் காணோம், சிஞ்ஞோரா கடிதத்தைச் சபைக்கு வாசித்துக்கொண்டிருக்கிறாள். காலுறையைத் திருப்பி அனுப்பியது அவளாம்! ஒரு தாயின் கண்ணீரை நினைத்து நித்திரை வரவில்லையாம். காலுறை மூச்சுக் கோளாறுள்ள ஒரு மூன்று வயதுப் பிள்ளையுடையது. கிழவி தன் கையாலேயே திரும்பக் கட்டிவிட்டாளாம். "பிள்ளையின்ர பேர் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். சிஞ்ஞோரா இரண்டு தரம் உருக்கமாகச் சொன்னாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் அழுதது போதும் என்று அப்போது நினைத்தேன்.

என் அறைக்குப் போய்த் தாளை எடுத்தேன். காப்பித் தட்டில் சீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்துச் சிஞ்ஞோராவுக்கு முன்னால் நீட்டினேன்.

"சிஞ்ஞோரா, இன்னொரு தாயின்ர விசயம். ஒரு கையெழுத்துத்தான்."

"இவளுக்குப் பிள்ளை இருக்கா?" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். "போடு, போடு! உன்ர மனசுக்கு நீ மாட்டன் எண்டு சொல்லுவியா?" என்றாள் மற்றவள். சிஞ்ஞோரா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். ஆனாலும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

என் மகளின் பெயர் எழுதிய வரியில் அவள் விரல் நின்றது. ஐந்து வருடத்தில் முதல் தரமாக, "இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். சொன்னேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள், மூன்றும் பிழை. நான் திருத்தவில்லை. பேனா ஓடத் தொடங்கியிருந்தது.