லிஸ்ட் அக்காவின் பதினோரு மாதங்கள்

சபையில் அவளை எல்லோரும் 'லிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆலயப் பதிவேட்டோடு சரி. பீடத்துக்குப் பூ வைப்பது யார், இந்த வாரம் வேதபாடம் வாசிப்பது யார், ஓய்வுநாள் பள்ளிக்கு எத்தனை பென்சில் வேண்டும், யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு ஆபரேஷன் என்று எல்லாம் அவள் கைப்பையில் மடித்து வைத்த தாள்களில் இருக்கும். அறிவிப்பு வாசிக்க எழும் போதகரே முதலில் பாடகர் குழுவின் பக்கம் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையாட்டினால்தான் வாசிப்பார். ஒருமுறை அவள் தும்மியதைத் தலையாட்டல் என்று நினைத்துக்கொண்டு, ரத்தான கூட்டத்துக்கு எல்லோரையும் வரச்சொல்லிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நாலு மணிக்கு அங்கே மேஜையைப் பூட்டினால் நாலரைக்கு ஆலயத்தில் இருப்பாள். வீட்டில் இப்போது இரண்டே பேர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். மகன் கல்லூரி விடுதியில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நடுவழியில நின்ன பெட்டியைத் தரைக்குக் கொண்டுவர்றதுதான் நம்ம பிழைப்பு" என்பார். அதற்கு மேல் அவராகப் பேசுவது அபூர்வம். ஆலயத்தில் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருவார். எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் எழுந்து ஓட அதுதான் வசதி.

அவளுடைய ஒரே தங்கை கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டவள். அவள் விமானம் ஏறிய மாதத்திலிருந்து அக்காவிடமிருந்து மாதம் ஒரு நீண்ட கடிதம் போகும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது மெயிலாக மாறியது. நீளம் மட்டும் குறையவில்லை. வீடு, பிள்ளைகள், சபை, ஊர்வம்பு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இந்த வருடம் பதினோரு மாதமாக ஒரு வரி போகவில்லை. தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஊரையெல்லாம் விசாரிக்க உனக்கு நேரம் இருக்கு. எனக்கு நாலு வரி எழுத மட்டும் நேரம் இல்ல. நீ நல்லாத்தான் இருக்கியான்னு வேற யார்கிட்டயாவது கேக்கணும் போலக்கா."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய லிஸ்டுகளையும் டைரியையும் பரப்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். மெயிலில் அடிப்பதற்கு முன் பேப்பரில் எழுதிப் பார்ப்பது அவள் வழக்கம்.

எழுத எழுத அவளுக்கே மலைப்பாக இருந்தது. ஒரு மனுஷி இவ்வளவு செய்திருக்கிறாளா! ஆலயத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா, அதற்கு முந்நூறு நாற்காலிக்கு அலைந்தது, ஒலிபெருக்கி வைத்தவன் கடைசி நிமிடத்தில் கம்பி நீட்டியது. மகளுக்குப் பிரசவம், மூன்று வாரம் அங்கே போய் இருந்தது, பேத்திக்குத் தாத்தாவின் மூக்கு அப்படியே வந்திருப்பது. மகன் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டு மறுபடி எழுதித் தேறியது. குளியலறைச் சுவர் ஒழுகி, ஓட்டையை அடைக்க வந்த ஆள் இன்னொரு ஓட்டையைப் போட்டுவிட்டுப் போனது. சபையில் இருக்கிற தையல்கார அம்மாவின் கணவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இவள் இரண்டு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது. பக்கங்கள் பன்னிரண்டைத் தாண்டின.

எழுதி முடித்ததும், முன்னறையில் ரேடியோவைத் தாழ்வாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. வாசிக்கிறேன், கேளுங்க."

அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். ஒலிபெருக்கிக்காரன் கட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பேத்தியின் மூக்கு வந்தபோது தன் மூக்கைத் தடவிக்கொண்டார். 'உன் அத்தானுக்கும் இந்த வருஷம் உயர்வு கிடைத்தது. இனி மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டாம்; ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னும் அதைச் சாட்சியாகச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினேன்' என்று வாசித்தபோது மட்டும் அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான். ஏதாவது விட்டுப்போச்சா?"

"என் கண்ணை விட்டுட்ட" என்றார்.

உப்பு குறைவு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"எந்தக் கண்ணு?"

"இடது கண்ணு."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"சொன்னேனேம்மா. கண்ணுல பிரஷர் ஏறிடுச்சு, நரம்பு கெட்டுட்டு வருதுன்னு டாக்டர் சொன்னாரு. இப்ப அந்தப் பக்கம் வெளிச்சம் இருட்டு தெரியும். மத்தபடி ஒண்ணும் தெரியாது."

"எப்ப சொன்னீங்க?"

"விழாவுக்கு முன்னாடி."

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, அடியிலிருந்து ஏதோ ஒன்று மேலே வந்தது. அவள் நாற்காலிக்காரரோடு போனில் கத்திக்கொண்டிருக்கிறாள். சமையலறை வாசலில் இவர் ஒரு பச்சை நிறக் காகித உறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'ஆபரேஷன் பண்ணணுமாம். கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருத்தர் வரணுமாம். வர்ற சனிக்கிழமை முடியுமா?' இவள் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, 'வர்ற சனிக்கிழமையா? சான்ஸே இல்ல. விழா முடியட்டும்' என்கிறாள். எதற்கு என்று அவள் காதில் விழுந்ததா? விழுந்திருக்க வேண்டும். விழுந்தது உள்ளே போகவில்லை.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டேனே. பிரசவத்துக்கு நீ பெட்டி கட்டிட்டு இருந்தப்ப. வந்து பார்த்துக்கலாம்னு சொன்ன." கொஞ்சம் நிறுத்தி, "மூணாவது தடவை கேக்கல. எனக்கும் கத்தின்னா பயம்தான். நீ வரலன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கிட்டேன்" என்றார்.

"அப்போ அந்த ஸ்டோர் வேலை?"

"லிஃப்ட் குழிக்குள்ள இடது பக்கம் இருந்த கம்பியைப் பார்க்காம தலையில இடிச்சுக்கிட்டேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். வெளிய அனுப்பாம, போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கற வேலையில போட்டாரு. அது உயர்வு இல்லம்மா."

அந்தச் சாட்சி சொன்ன நாள் அவளுக்கு நினைவு வந்தது. கை தட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி எழுந்து வந்து கையைக் குலுக்கினாள். அன்று மாலை இவரிடம் அதைச் சொன்னபோது, 'அப்படியா, நல்லது' என்று மட்டும் சொன்னார். அவளுடைய முகம் இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தனியாவா போனீங்க இவ்வளவு நாளும்?"

"செக்கப்புக்குத்தானே. பஸ் நேரா போகுது." அவர் தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒரு நாள் உன்னை அங்க பார்த்தேன். தையல்கார அம்மா வீட்டுக்காரரோட ஆபரேஷன் அன்னிக்கு. நான் கீழ டோக்கன் வரிசையில நின்னேன். நீ மேல வராந்தாவுல அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"நீ ஜெபம் பண்ணிட்டு இருந்த."

அவள் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். அந்த மாதத்து ஜெபக் குறிப்பு லிஸ்ட் மேஜை மேலேயே கிடந்தது. நாற்பத்துமூன்று பெயர்கள். மேல்வீட்டுக் குழந்தையின் காதுவலிகூட இருந்தது.

அன்று கடிதம் போகவில்லை. அவள் தங்கைக்குப் போன் செய்து, எடுத்த எடுப்பில் அழுதுவிட்டாள். தங்கை பயந்துபோய், "அத்தானுக்கு என்ன?" என்றாள். யாருக்கு என்ன என்று கேட்காமல் நேராக அத்தானைக் கேட்டாளே, அது எப்படி என்று லிஸ்ட் அக்கா பிறகு பலநாள் யோசித்தாள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இளம் பெண். மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க?"

"மனைவி."

"வெளியூர்லயா இருந்தீங்க?"

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. விவரம் கேட்கிற குரல்.

"இல்ல டாக்டர். இங்கதான் இருந்தேன்."

"எட்டு மாசம் முன்னாடி செஞ்சிருந்தா இடது கண்ணுல இருந்த பார்வையை அப்படியே பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். போனது இனி வராது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்தப் பார்ப்போம். சொட்டு மருந்து ஒருவேளைகூடத் தவறக்கூடாது. தனியா விட்டுக்கறாரா? பாதி கன்னத்துலதான் வழிஞ்சிருக்கும்."

அவர் குழந்தை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பாதி கன்னத்தில்தான் வழிந்திருக்கிறது. தலையணை உறையில் மஞ்சள் கறை படிகிறதே என்று அவள் சோப்பை மாற்றியிருந்தாள்.

அந்த வாரம் பெண்கள் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். முன்பு தான் சொன்ன சாட்சி தவறு என்றாள். கணவருக்குக் கண் போயிற்று, இன்னொரு கண்ணுக்காக ஜெபிக்க வேண்டும் என்றாள். உட்கார்ந்ததும் தையல்கார அம்மா அருகில் வந்து தோளைத் தொட்டாள்.

"நாங்க எப்பவோ ஜெபத்துல வச்சிட்டோம்க்கா. சொட்டு மருந்து எப்படி விடறதுன்னு அவர் எங்க வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுப் போனாரே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். சாட்சி சொன்னப்பகூட, அக்காவுக்கு என்ன ஒரு விசுவாசம்னு பேசிக்கிட்டோம்."

அவள் கணவருக்காகச் சபையில் வேறு யாரோ ஜெபித்திருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவளால் முடியவில்லை.

லிஸ்டுகளை எல்லாம் போதகரின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஐயோ, நீங்க இல்லாம சபை எப்படி நடக்கும்?" என்று அந்த அம்மா பதறினார். லிஸ்ட் அக்காவுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வாய் திறந்தே பேசாத பாடகர் குழுப் பெண் ஒருத்தி அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பூ சரியாக இருந்தது, வாசிப்பு சரியாக நடந்தது, போதகர் யார் முகத்தையும் பார்க்காமல் அறிவிப்பை வாசித்தார். இவ்வளவு சுலபமாக நடக்கிற காரியத்துக்காகவா என்ற நினைப்பு, ஆராதனை முடியும்வரை அவளை விடவில்லை. அவள் அன்று கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. இனிமேல் மோசமாகாது என்கிறார்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். அவர் ஸ்டோர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மூன்று வேளை மருந்தையும் அவள்தான் விடுகிறாள். மதியத்துக்குப் பள்ளியிலிருந்து ஸ்டோருக்கு நடையாக நடக்கிறாள். "இந்த வேகத்துல போனா நீயும் மெக்கானிக் ஆயிடுவ" என்று அவர் கேலி செய்கிறார். ஒரு நாள்கூட ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லட்டும், ஒருதடவை நன்றாகத் திட்டித் தீர்க்கட்டும் என்று அவள் காத்திருந்து பார்த்தாள். ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"என் மேல கோபமே இல்லையாங்க உங்களுக்கு?"

"இருந்துச்சு" என்றார். "நீ மகள் வீட்டுல இருந்தப்ப இருந்துச்சு. இப்ப இல்ல." அந்த மூன்று வாரமும் இந்த வீட்டில் அவர் தனியாக எப்படி இருந்திருப்பார் என்பது அவள் இனி என்றைக்கும் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று.

போன மாதம் செக்கப் முடிந்து இருவரும் நடந்து வந்தார்கள். வண்டிகள் வருகிற தெரு. அவள் அவருடைய இடது பக்கத்தில் நடந்தாள். பார்வை இல்லாத பக்கம் காவலாக இருக்கட்டும் என்று.

"இந்தப் பக்கம் வாம்மா" என்றார் அவர். "அங்க இருந்தா நீ இருக்கறதே எனக்குத் தெரியல."

அவள் வலது பக்கம் மாறிக்கொண்டாள். அவர் ஸ்டோரில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். யாரோ ஒருவன் தவறான போல்ட்டை வாங்கிப் போய், திரும்ப வந்து, மறுபடி அதையே வாங்கிப் போன கதை. பாதியில் நிறுத்திவிட்டு, அவள் கேட்கிறாளா என்று திரும்பி முகத்தைப் பார்த்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தொடர்ந்தார். தெரு முனை வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை அப்படி நிறுத்திப் பார்த்தார்.