தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் தம்பிக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் உறவினர்கள், "அப்பவே அரைகுறையா ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான்" என்று மாற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவன் சிரிப்பான், அழுவான், வேண்டிய பொருள் இருக்கும் பக்கமாக என் கையைப் பிடித்து இழுப்பான். அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது.

எனக்கும் அவனுக்கும் இடையில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவன் பிறந்த செய்தி கிடைத்ததும் மண்ணச்சநல்லூரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. அவள் வீட்டுக்காரர் அங்கே அரிசி ஆலையில் வேலை பார்த்ததால், வண்டியில் அவளோடு ஒரு மூட்டைத் தவிடும் வந்தது. பிள்ளையை முறத்தில் கிடத்தி, பின்சந்தில் மாடு வைத்திருந்த பால்காரம்மாவிடம் கொடுத்தார்கள். பிறகு தவிட்டை அவளிடம் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையைத் தேடி வரும் எமன், இது இந்த வீட்டில் பிறந்தது இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று ஏமாந்து திரும்பிவிடுவான் என்பது ஏற்பாடு. மாடுகளுக்கும் இதனால் நன்மை. எமன் இவ்வளவு சுலபமாக ஏமாறுவானா என்ற சந்தேகம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "கண்ணு, மணின்னு கொஞ்சுற வேலை எல்லாம் வேணாம். ஊரான் புள்ளைய வளக்குற மாதிரி வளத்துக்க. அது காதுல விழுந்துச்சுன்னா தேடிக்கிட்டு வந்துரும்." எமனைப் பெயர் சொல்லாமல் 'அது' என்பதுதான் வழக்கம்.

அம்மா இதை அத்தை சொன்ன அளவோடு நிறுத்தவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் எந்த இடத்தில் நிறுத்துவாள்? தாலாட்டு நின்றது. தூளியின் கயிறு மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். பேசாமல் குளிப்பாட்டுவாள், பேசாமல் சோறு ஊட்டுவாள். என்னையும், "அவன்கிட்ட ரொம்பப் பேச்சுக் குடுக்காத" என்று அடக்கி வைத்தாள். அவனுக்கென்று ஒரு பெயர் வைத்தார்களா என்பதே எனக்குத் தெரியாது; வீட்டில் அவனைத் 'தவிடு' என்போம். அதையும் அவனை நோக்கிச் சொல்வதில்லை. "தவிடு தூங்குதா பாரு," என்று அம்மா என்னிடம்தான் கேட்பாள், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி விசாரிப்பது போல. அப்பா காலை ரயிலில் திருச்சி ஆபீசுக்குப் போய் இருட்டும் வேளையில் திரும்புவார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர். ஆனாலும் அக்கா சொன்னதை மீறியதில்லை. பத்திரிகையைச் சுருட்டிப் பையன் தலையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

இப்படி வளர்த்துவிட்டு, பையன் பேசவில்லையே என்று கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

முதலில் வசம்பு. அதைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள் அம்மா. அவன் தேனுக்காக நாக்கை மறுபடியும் நீட்டினானே தவிர, வேறு பலன் இல்லை. அடுத்து டாக்டர். ஜட்கா வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போனோம். டாக்டர் அவனுக்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டார், திரும்பினான். கடிகாரத்தைக் காதருகே வைத்தார், பிடுங்கப் பார்த்தான்.

"காது நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "வீட்டுல இவன்கூட நிறையப் பேசுவீங்கள்ல?"

"பெத்த புள்ளைகிட்டப் பேசாம இருப்பாங்களா?" என்றாள் அம்மா.

அப்பா சுவரில் தொங்கிய காலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் உள்ளங்கையை ஓர் அழுத்து அழுத்தினாள். அந்த அழுத்தத்துக்கு என்ன பொருள் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பேசக் கூடாது என்று வைத்ததும் அம்மாதான்; பேசுகிறோம் என்று சொன்னதும் அம்மாதான். பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி கொடுத்தபடி அம்மா சொன்னாள்: "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டான்னா போதுங்க. அப்புறம் ஆயுசுக்கும் பேசாட்டிக்கூடப் பரவாயில்ல."

"கூப்பிடுவான்."

"எப்போ?"

"என்னைக் கேட்டா? நானா அவனைப் பிடிச்சு வச்சிருக்கேன்?"

மறுவாரம் அத்தை வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, குற்றம் எங்கே நடந்தது என்று உடனே கண்டுபிடித்தாள். கொடுத்த பிள்ளையை ஒரு பொழுதுகூடக் கொடுத்த இடத்தில் விடாமல், முறத்தோடு தூக்கி வந்துவிட்டோமாம். வியாபாரம் முழுமையாகவில்லை. ஆகவே பிள்ளை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நிற்கிறானாம். "கொஞ்ச நாளைக்குப் பகல்ல அவகிட்டயே விட்டு வை," என்றாள்.

பால்காரம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. "கன்னுக்குட்டியோட சேத்து ஒரு முளையில கட்டிப் போட்டாப் போச்சு. தவிடு குடுத்து வாங்கினது, மாட்டுக்கொட்டாய்க்கு வந்து சேரறது ஒண்ணும் அதிசயமில்ல," என்றாள். அம்மாவுக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் என் வேலையாயிற்று.

அந்தக் கொட்டகையில் ஒரு நொடிகூட மௌனம் கிடையாது. பால்காரம்மா மாட்டோடு பேசுவாள், சாணிக் கூடையோடு பேசுவாள், அங்கே இல்லாத தன் புருஷனோடு பேசுவாள். "நில்லுடி செவலை, உனக்கு மட்டும்தான் கொம்பு இருக்கா? எனக்கும் இருக்கு, தலைமுடியில மறைச்சு வச்சிருக்கேன்." அதே மூச்சில் தம்பியிடம் திரும்புவாள்: "என்னடா தவிட்டு ராசா, சும்மாவே குந்திக்கிட்டிருக்க? கலெக்டர் உத்தியோகமா பாக்குற? அந்தக் கயித்த எடு. அந்தா, அதுதான்டா. எடுத்துட்டியா? என் சிங்கம்." அவளுடைய மூன்று பிள்ளைகளும், "ஆத்தா, பசிக்குது," "ஆத்தா, இவன் கிள்ளுறான்," என்று நாள் முழுவதும் அவளைச் சுற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். தம்பி வாயைப் பிளந்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆடி மாதம் என்று நினைக்கிறேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடியது நினைவிருக்கிறது. அன்று கழுநீர் வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவும் என்னோடு வந்தாள். நாங்கள் கொட்டகைக்குள் நுழையும்போது பால்காரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். கன்று முளையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு தாயிடம் ஓடியது. தம்பி எழுந்து நின்றான்.

"ஆத்தா, கன்னு," என்றான்.

தெளிவாக, உரக்கச் சொன்னான். பால்காரம்மா திரும்பினாள். அவனைத் தூக்கப் போனவள், எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அம்மா வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பேசிட்டான்," என்றாள்.

அம்மா சிரித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். விசாரிக்க வந்த அண்டைவீட்டுக்காரிகளிடம், "தவிட்டுக்கு வாங்கினது, அவளைத்தானே கூப்பிடும்?" என்று ஒரே பதிலைச் சொன்னாள். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளையே தன் வாயால் இன்னார்தான் தாய் என்று சொல்லிவிட்ட பிறகு எமன் எங்கே வழக்காடுவது? ஏற்பாடு முழு வெற்றி. ஆனால் அம்மா பொங்கலைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நான் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அவன் காதோரம் குனிந்திருந்தாள். "அம்மா. சொல்லு. அம்மா," என்று மூச்சுக்காற்றாகத்தான் குரல் வந்தது. அவன் அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவள் சட்டென்று அவனைக் கீழே இறக்கிவிட்டாள்.

"என்ன பாக்குற? தூக்கிட்டுப் போய் அவ புள்ளைய அவகிட்டயே விடு."

நான் தூக்கிக்கொண்டு போனேன். சொன்னதைச் செய்யும் பெண் என்று எனக்குப் பெயர். பின்சந்தில் பால்காரம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். "உங்க புள்ளைய உங்ககிட்டயே விடச் சொன்னாங்க," என்று சொல்லித் தம்பியை இறக்கினேன்.

பாதிக் கறவையில் அவள் எழுந்துவிட்டாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நான் பின்னால் ஓட, எங்கள் வாசலுக்கே வந்து நின்றாள்.

"என்ன தாயி இது? இவன் ஆத்தான்னு சொன்னதிலிருந்தே எனக்கு ஈரக்குலை நடுங்கிக்கிட்டு இருக்கு. அது இனிமே இவனைத் தேடிக்கிட்டு யாரு வீட்டுக்கு வரும்? என் வீட்டுக்குத்தானே? எனக்கும் மூணு இருக்கு. வர்றது ஆளு மாறி எடுத்துட்டுப் போயிட்டா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தவிடு குடுத்தோமே," என்றாள்.

"அதை மாடு என்னைக்கோ தின்னு சாணியும் போட்டாச்சு. நீங்க உங்க வாயால உங்க புள்ளைன்னு கூப்பிட்டு வாங்கிக்கங்க. நான் கேட்டுட்டுப் போயிடறேன்."

அம்மா தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். யாரும் இல்லை. யார் வருவார்கள் என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. அப்பா வரும் நேரம் அது, அவரைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பால்காரம்மாவின் இடுப்பிலிருந்து தம்பியை வாங்கினாள். என்னையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னாள்.

"காதுல விழலை தாயி," என்றாள் பால்காரம்மா வெளியிலிருந்து.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். இந்த முறை எனக்குக் கேட்டது. அது ஓர் ஆண்பிள்ளையின் பெயர். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "வாடா," என்று அதோடு சேர்த்துச் சொன்னாள். இன்னொரு முறை, இன்னும் உரக்க, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். தம்பி அவள் தோளில் முகம் வைத்தபடி அசையாமல் இருந்தான். நான்தான் அம்மா யாரைக் கூப்பிடுகிறாள், யார் வந்திருக்கிறார்கள் என்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.