நாற்பத்தெட்டு விநாடி

அடுக்களையிலிருந்து விம்மல் சத்தம் வந்தது. ஒவ்வொரு விம்மலுக்கும் நடுவே பிஸ்கட் டப்பா மூடி திறக்கும் சத்தமும் வந்தது. தம்பிக்குத் துக்கம் வந்தால் பசியும் கூடவே வரும். மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்த அறிக்கையைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் அவள் பதினெட்டு வருட இன்ஸ்பெக்டர். அங்கே அவளுக்குப் பெயர் ‘கார்டு அக்கா’. எந்தச் சின்ன வங்கி கேட்டாலும், பணம் எடுக்கும் இயந்திரங்களின் பொது வலைப்பின்னலில் இடம் கொடுக்க வேண்டும். பெரிய வங்கிக்கு உள்ள கட்டணமும் வேகமும் அதற்கும் வேண்டும் என்பது சட்டம். அது நடக்கிறதா என்று பார்க்க, கைப்பையில் முப்பது வங்கிகளின் கார்டும் கழுத்தில் ஸ்டாப்வாட்சுமாக இயந்திரம் இயந்திரமாகப் போய் நிற்பாள். இரண்டு முறை காவலாளிகள் அவளைத் திருடி என்று போலீசில் ஒப்படைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை, பிடித்து வைத்த போலீஸ்காரரின் சம்பளக் கார்டையும் வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் வீடு வந்தாள்.

போன வாரம் ஒரு கணக்கு உதைத்தது. பெரிய வங்கியின் கார்டுக்கு ஆறே விநாடியில் பணம். ஆலைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வங்கியின் கார்டுக்கு நாற்பத்தெட்டு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அந்த வங்கியில் காசே இல்லை என்று கிளப்பிவிட, பாதிப் பேர் கணக்கை மூடிவிட்டார்கள். இப்படியே போனால் அடுத்த மாதம் ஷட்டர் இறங்கிவிடும். தாமதிக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் வலைப்பின்னல் நிறுவனத்தின் மேலாளர். அவர்தான் இப்போது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான் தம்பி. வாயைத் துடைக்கவில்லை.

“மெஷின் கோளாறுன்னு எழுதிடுக்கா. இல்லைன்னா என் வேலை போயிடும்.”

“கோளாறு மெஷின்ல இல்லையேடா.”

“அம்மா போனதுக்கப்புறம் நீதானே என்னைத் தூக்கி வளர்த்தே?”

“வளர்த்தேன். இறக்கி விட்டு இருபது வருஷமாச்சு.”

“வெறும் நாப்பத்தெட்டு செகண்டுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

காய்ச்சலில் துவண்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாட்களெல்லாம் அக்காவின் நெஞ்சில் வந்து மோதின. எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். அவன் விருட்டென்று வெளியேறினான். போன வேகத்தில் செல்போனை மறந்துவிட்டான்.

சாத்திய கதவு உடனே தட்டப்பட்டது. அக்கா ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

பத்தாவது விநாடியில் “அக்கா” என்றான். இருபதில் கதவைக் குத்தினான். முப்பதில், “என்ன சார், உள்ளே விட மாட்டேங்கிறாங்களா?” என்று எதிர்வீட்டுக்காரரின் குரல் கேட்டது. நாற்பதில், “உள்ள என்னதான் பண்றே?” என்று கத்தினான். அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத்து கொஞ்சம் கோணியது. ஆனால் படிக்க முடிந்தது.

கதவைத் திறந்து செல்போனை நீட்டினாள்.

“எவ்வளவு நேரம்க்கா? அந்த ஆள் என்னைக் கடன்காரன் மாதிரி பாக்குறான்.”

“நாப்பத்தெட்டு செகண்டுடா.”

அவன் மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை அவள் விரலால் தட்டிவிட்டாள்.

“காலையில அறிக்கையைக் கொடுத்துடுவேன். வேலை போச்சுன்னா சாப்பாட்டுக்கு இங்கேயே வந்துடு.”

அவன் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தினாள்.