மேடையிலிருந்து டிவிக்குக் குடிபோன கதை

ஜனங்களைச் சிரிக்க வைக்கிற தொழிலில் ஜோக்கைவிட முக்கியம், ஜோக் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. மைக் பிடித்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, மாதா கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று தனி ஆளாக மேடையேறிப் பழகியவன் நான். 2008-ல் ஒரு சேனல் என்னைக் காமெடி சீரியலில் கதாநாயகனாக்கியது. பெண்டாட்டிக்குப் பயந்த கணவன் வேஷம். வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

சிரிக்காத வீடு

சிதம்பரத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஷூட்டிங். முதல் நாள் நல்ல ஜோக் ஒன்றைச் சொல்லி, பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். லைட்மேன் முதல் கேமராமேன் வரை ஒருத்தரிடமும் சத்தமில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. விட்டுவந்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. அதே ஜோக்கை இன்னும் உரக்கச் சொன்னேன். டைரக்டர் கட் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"சிரிப்புச் சத்தத்த நாங்க அப்புறமா போட்டுக்குவோம் சார். நீங்க யாருக்காகவும் நிக்காதீங்க."

மீன் மார்க்கெட்

சீரியலில் என் பெண்டாட்டியாக வரும் நடிகை என்னை ஓயாமல் பட்டினி போடுவார். நிஜ மனைவி ஸ்டெல்லா முதுநகருக்கு மீன் வாங்கப் போனபோது, வாடிக்கையாக மீன் கொடுக்கும் அம்மா, "ஏம்மா, அவருக்கு ஒரு வேள சோறாச்சும் ஒழுங்கா போடக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள். கண் சிவந்திருந்தது. குழம்பு, வறுவல் இரண்டையும் வைத்து, தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்னா சொல்லு, நடிக்கிறத விட்டுடறேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். வறுவலில் இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தாள்.

"விட வேணாம். ஒரே ஒரு சீன்ல வயிறார சாப்புடுற மாதிரி நடிச்சிட்டு வாங்க, போதும்."

துக்க வீடு

அண்ணாகிராமத்தில் என் நண்பன் சேகரின் அப்பா இறந்துபோனார். மாலையோடு நுழைந்தேன். பந்தலில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாலையைப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தேன்.

சேகர் கையைப் பிடித்து, சுவரோரம் சாய்ந்திருந்த அவன் அம்மாவிடம் கூட்டிப்போனான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன் சீரியல ஒரு நாளுகூட விடமாட்டாருப்பா" என்று என் கையில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன். வாசலில் வழியனுப்பும்போது சேகர் சொன்னான்:

"நேத்துலேர்ந்து அம்மா வாயே தொறக்கல மச்சான். இப்பதான் அழுதாங்க."

மொத்தத்தில், மேடையில் நான் சொன்னதை ஜனங்கள் நம்பாமல் சிரித்தார்கள், டிவிக்கு வந்தபிறகு சிரித்துவிட்டு நம்பிவிடுகிறார்கள்.