கை தூக்கச் சொன்ன மேயர்

அன்று எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற லோண்டரி ரூமில் நான் இருந்தேன். எட்டாம் மாடி அண்ணை இருந்தார், பென்சன் எடுத்தவர். மூலை வீட்டு அன்ரி உடுப்புக் கூடையோடு இருந்தா. பாங்கில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, இங்கே பிறந்தவள். மல்வேர்ன் பகுதியில் இருந்து மாறி வந்த புருசனும் பெண்சாதியும். இன்னும் சில பேர், எல்லாம் எங்கள் தமிழ் ஆட்கள்தான். ட்ரையருக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல், மேயர் இருந்தார்.

மேயர் என்பது அவருடைய பெயர் இல்லை. பலஸ்தீனத்தில் ஒரு ஊருக்கு மேயராக இருந்தவர். வயது எண்பதுக்கு மேல். மனைவி செத்துப்போனா. மகளோடு என் எதிர்வீட்டில் இருக்கிறார். மகள் வேலைக்குப் போனதும் கதவைத் திறந்துவைத்துச் செய்தி பார்ப்பார். அவருடைய ஊர் செய்தியில் வரும் நாட்களில் கதவு பூட்டியிருக்கும்.

கட்டடத்தைத் திருத்தப்போகிறோம், எல்லோரும் வீட்டை விட்டு எழும்புங்கள் என்று ஓனர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். எழும்பினால் இந்த டோர்செட் பார்க் பகுதியில் எங்களுக்குத் தோதான வாடகையில் வேறு வீடு இல்லை. குடியிருப்பவர்களுக்காக ஒரு ஆள் வந்தால் கதைக்கிறேன் என்றும் ஓனர் சொல்லியிருந்தார். அந்த ஆள் யார் என்று முடிவுசெய்யத்தான் கூடினோம்.

"இவரை விட்டா வேற ஆர்?" என்றார் அண்ணை. "ஊரை ஆண்ட மனிசன். ஒரு கட்டடத்தைப் பாக்கமாட்டாரே?"

"நீங்களே போங்கோவன் அண்ணை. வாய் இருக்குத்தானே," என்றா அன்ரி.

"நான் போனா நாளைக்கே எழுப்பிப்போடுவான்."

சிரித்தார்கள். மேயர் எழும்பினார். நான் போகவேண்டும் என்று விரும்புகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள்.

எல்லோரும் தலையை ஆட்டினோம். எங்கள் ஆட்டுத்தான், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேயர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நன்றி என்றார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

"என்ன, கோவமோ?" என்று அன்ரி கேட்டா.

"ஓ மை கோட்," என்றாள் பிள்ளை. "அன்ரி, ஹீ தோட் யூ ஆர் சேயிங் நோ. எல்லாரும் நோ எண்டு தலையாட்டினீங்கள்!"

"ஓம் எண்டல்லோ ஆட்டினனான்!"

"ஆட்டினதை இனி எப்பிடித் திருப்பி ஆட்டுறது?" என்றார் அண்ணை. "ஆராவது போய்ச் சொல்லுங்கோ."

எதிர்வீடு என்றபடியால் நான் போனேன்.

கோட்டோடுதான் இருந்தார். பால் இல்லாத கோப்பி தந்தார். அவருக்கு நல்ல ஆங்கிலம். எனக்குக் கோழி வெட்டும் பக்டரியில் பழகிய ஆங்கிலம். நடந்ததைச் சொன்னேன். விளங்கவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன். இன்னொருமுறை ஆட்டச் சொன்னார். தானும் ஆட்டிப் பார்த்தார். கழுத்து வரவில்லை.

"இது ஆமா?"

"ஓம்."

தங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல நாடியை மேலே தூக்கி நாக்கைத் தட்டுவார்களாம். செய்து காட்டினார். சிரித்தார்.

"அப்ப நீங்கள் போவீர்கள்," என்றேன்.

"இல்லை. கை தூக்கட்டும். நான் எண்ணவேண்டும்."

"எல்லோருக்கும் விருப்பம். நான் சொல்கிறேனே."

அதற்குப் பிறகுதான் தன் கதையைச் சொன்னார். முதல் முறை ஊர் வாக்குப் போட்டு அவரை மேயராக்கியது. இளம் வயது. தண்ணீர்க் குழாய் போட்டார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார். ஊரைப் பிடித்துவைத்திருந்த இராணுவத்தின் அதிகாரி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். வைக்கவில்லை. பதவி போனது. பிறகு ஒரு விடியற்காலையில் கண்ணைக் கட்டி ஏற்றிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டார்கள். பல வருடம் வெளியே இருந்தார். தகப்பன் செத்ததும் வெளியே இருக்கும்போதுதான். சமாதானம் என்று சொன்ன காலத்தில் திரும்ப விட்டார்கள். அப்போது பலஸ்தீனத் தலைவர் மறுபடியும் அவரை மேயராக்கினார். வாக்குப் போடவில்லை. தாளில் எழுதி அனுப்பியது.

"முந்தி நான் சந்தைக்குள் போனால் திட்டுவார்கள்," என்றார். "குப்பை அள்ளவில்லை, தண்ணீர் வரவில்லை, நீ என்ன மேயர் என்று. தாளோடு வந்த பிறகு ஒருவரும் திட்டவில்லை. எழும்பி நின்றார்கள்."

நான் கோப்பியைக் குடித்தேன்.

கடைசியில் அவர் நாடாளுமன்றத்துக்குக் கேட்டு வென்றாராம். இது வாக்குத்தான். ஆனால் அந்தச் சபை கூடுவதற்கு இராணுவத்தார் விடவில்லை. கூட இருந்தவர்களில் கனபேரைப் பிடித்துவிட்டார்கள். பிறகு மனைவி வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தா. மகள் இங்கே கூப்பிட்டாள்.

"தாள் மேயராக இன்னொருமுறை இருக்கமாட்டேன், சிஸ்டர்."

எங்கள் ஆட்கள் கை தூக்கமாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

சொன்னேன். எங்கள் ஊரை ஆமி சுற்றிவளைக்கும், ரவுண்டப் என்போம். ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட வளவில் வரிசையாக விடுவார்கள். ஜீப்புக்குள் ஒருத்தன் தலையில் சாக்கோடு இருப்பான். ஒவ்வொருத்தராக அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். என் தம்பிக்கு ஆட்டினான். நாங்கள் கை தூக்கியதெல்லாம் ஆமிக்கு முன்னால்தான்.

"சாக்கில் இரண்டு ஓட்டை," என்றார் மேயர்.

"ஓம்."

"எங்களிடமும் இருந்தது."

 நான் எழும்பிக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

"என்றாலும் கை வேண்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூடினோம். அதற்கு முன் வேலை முடிந்து வந்து கதவு கதவாகத் தட்டினேன். ஓம் ஓம், வாறம் என்றார்கள். மேயரைத் தவிர, என்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். பிலிப்பினோ ஆட்களும் இரண்டு சோமாலிப் பெண்களும் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் வேண்டும், பன்னிரண்டு கை, அதற்குக் குறைந்தால் நான் ஓனரிடம் போகமாட்டேன் என்றார் மேயர். பிள்ளை அதை உரத்துச் சொன்னாள்.

"குளிக்காத ஆக்கள் இப்பவே சொல்லிப்போடுங்கோ," என்றார் அண்ணை. "கையைத் தூக்கினாப் பக்கத்தில இருக்கிறவன் பாவம்."

"உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருக்கப்போகினம்?" என்றா அன்ரி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர் வந்தார். ஓனரிடம் சம்பளம் வாங்குகிறவர். அவரும் எங்கள் ஆள். எங்கள் வீட்டுச் சிங்க் அடைத்தால் அவர்தான் வருவார். கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கையில் போன்.

"சும்மா பாக்க வந்தனான். நீங்கள் கதையுங்கோ."

அவரை வெளியே போகச் சொல்லுங்கள் என்று பிள்ளை மேயரிடம் மெல்லச் சொன்னாள். இது பொது இடம் என்றார் மேயர். பிறகு, நான் போவதற்கு விருப்பமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

நான் தூக்கினேன். தோள் நோகிற கை, நோகாததுபோல் பிடித்தேன். அண்ணை தூக்கினார். அன்ரி கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினா. பிள்ளை தூக்கினாள். சோமாலிப் பெண்கள் இரண்டு பேரும் தூக்கினார்கள். பின்னுக்கும் சில கைகள் எழும்பின. மல்வேர்ன் பெண்சாதி தூக்கினாள். அவள் புருசனுடைய கை தோள்மட்டும் வந்தது. கதவுப் பக்கம் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

"தூக்குங்கோப்பா," என்றாள் அவள்.

"வீடு என்ர பேரிலயல்லோ கிடக்கு," என்றார் அவர்.

 சூப்பர் போனைத் தூக்கிப் படம் எடுக்கவில்லை.

மேயர் விரலை நீட்டி, தன் மொழியில் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். முடிந்ததும் மறுபக்கத்திலிருந்து திரும்ப எண்ணினார். 

"உங்கட கையையும் தூக்குங்கோவன், மேயர்!" என்று அண்ணை கத்தினார்.

பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாள். தனக்குத் தானே வாக்குப் போடுவதில்லை என்றார். கைகளை இறக்கலாம் என்று காட்டினார்.

எத்தனை என்று கேட்டேன்.

பதினொன்று.