ரெஷ்மா சுவிட்ச் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

இது சத்தியமாக நடந்தது. பாறசாலை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிற உங்களிடம் பொய் சொல்லி எனக்கென்ன கிடைக்கப்போகிறது? சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். ஒரு சாணை ஒரு மைலாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆள் நிஜம், வேலை நிஜம்.

ஆள் ரெஷ்மா, நம்ம ஊர்க்காரி. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு வருடமாகத் தற்காலிகம். அங்கே எடுக்கிற ஸ்கேன் படமெல்லாம் ஒரு பெரிய டிஸ்க் அலமாரியில் கிடக்கும். சர்வர்கள் அதை எட்டிப்பிடிக்க இரண்டு வழி, ஏ என்றும் பி என்றும். நாம் திருவனந்தபுரம் போக பஸ்ஸும் ரயிலும் இருக்கிறதே, அதுமாதிரி. ஒன்று முடங்கினால் மற்றது ஓடும். வழிக்கு ஒரு சுவிட்ச் பெட்டி. பெட்டிக்குப் பலாப்பழத்து முள்ளைவிட அதிகமாக ஓட்டை. பழைய பெட்டிகளிலிருந்து வயர்களையெல்லாம் புதிய பெட்டிகளுக்கு மாற்ற வேண்டும், ஸ்கேன் ஒரு நொடிகூட நிற்காமல்.

மேலாளர் ஜெயச்சந்திரன் போனிலேயே சொல்லிவிட்டார்: "மோளே, படம் நிக்காம முடிச்சா நாளைக்கே உனக்கு ஸ்திரம் ஆர்டர். நின்னா கொச்சிக்காரனைக் கூப்பிட்டு வேலையை அவனுக்குக் குடுத்துருவேன், கேட்டியா?"

ஞாயிறு காலை பத்து மணி. கூட வேலை பார்க்கும் வினீத்தோடு ரெஷ்மா சர்வர் அறைக்குள் போனாள். இமயமலையே சால்வை கேட்கும் குளிர். முதலில் ஏ பக்கத்தை மாற்றுவது, அதுவரை பி சுமக்கும். ஏ எழுந்த பிறகு பி.

வினீத் ஸ்கிரீனைக் காட்டினான். "எல்லா சர்வருக்கும் ரெண்டு வழி உண்டு, எழுதியே இருக்கு. பிடுங்கு பிள்ளே!"

ரெஷ்மா பிடுங்கவில்லை. ஒவ்வொரு வயரையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ஏட்டி மக்கா, என்ன தடவுதே? பூனையா வளக்குதே?"

"அண்ணன் சும்மா நில்லுங்க. கை பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

பதினாறு சர்வர் சரி. பதினேழாவது, ஸ்கேன் படத்து சர்வர். ஒரு வயர் ஏ பெட்டிக்குப் போனது. மற்றதும் சுற்றி வளைந்து போய் அதே ஏ பெட்டியில்தான் குத்தியிருந்தது! ஸ்கிரீன் சொன்னது பொய்யில்லை, வழி இரண்டுதான். கையில் இரண்டு டிக்கெட், இரண்டும் ஒரே பஸ்ஸுக்கு. ஏ-யைப் பிடுங்கியிருந்தால் ஸ்கேன் நடுரோட்டில் நின்றிருக்கும், ரெஷ்மாவும்தான். அந்தக் குளிரில் அவளுக்கு வியர்த்த வியர்வை நெய்யாற்றில் விழுந்திருந்தால் கள்ளிக்காட்டு அணையில் ஷட்டர் திறந்திருப்பார்கள்.

வினீத்தின் முகம் வெளுத்தது. "அது… போன இடவப்பாதி மழைக்கு ஏசி ஒழுகிச்சு. பி பெட்டிக்க தலையிலே சொட்டு சொட்டா. ஒரு வயரை இஞ்ச மாத்திக் குத்தினேன். மழை நின்னதும் திருப்பி மாத்தலாம்னு…"

"அது கழிஞ்சு வருஷம் ஒண்ணாச்சு அண்ணா!"

"இஞ்ச மழை எப்பம் பிள்ளே நின்னிருக்கு?"

ரெஷ்மா ஒரு வயரைக் கழற்றி பி-யில் குத்தினாள். அந்த வயருக்கு டிஸ்க் அலமாரியைப் பார்க்கக் கம்ப்யூட்டரில் அனுமதி எழுதினாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்புறம்தான் ஏ பக்கத்து வயர்களைப் புதிய பெட்டிக்கு மாற்றத் தொடங்கினாள். ஸ்கேன் அறை லேகாவைப் போனிலேயே பிடித்துவைத்திருந்தாள்.

"ஓடுதா சேச்சி?"

"ஓடுது மோளே! ஒரு மாமனுக்க கால்முட்டு பளிச்சுனு வருது!"

ஏ பச்சை. மதியத்துக்குள் பி-யும் பச்சை. விளக்குகள் கண்சிமிட்டியதைப் பார்த்திருந்தால் கோயில் உற்சவக் கமிட்டி வெட்கப்பட்டிருக்கும். ரெஷ்மா குதித்த குதியில் கோட்டுகால் ஊர் வரை தரை அதிர்ந்தது.

ரெஷ்மா அனுப்பிய அறிக்கையைப் பார்த்துவிட்டு ஜெயச்சந்திரன் போனில் கூப்பிட்டார். "ஒரு சர்வருக்க ரெண்டு வயரும் ஒரே பக்கம் கிடந்துச்சாமே. ஆரு செய்த வேலை?"

ரெஷ்மா வினீத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மழை சார்."

"மழையா?"

"ஏசி ஒழுகினப்பம் மாத்தினது சார். இப்பம் செரியாச்சு."

"செரி. நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்கோ."

நான் இதைச் சொல்லி முடிக்கவில்லை, ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த ஜெயபாய் கைதட்டினாள். "நல்ல பிள்ளை! கூட வேலை செய்யியவனைக் காட்டிக் குடுக்கல்லே."

ஆட்டோ ஓட்டும் அஜேஷ் துள்ளி எழுந்தான். "என்ன நல்லது? அவன் நாளைக்கு இன்னொண்ணை மாத்திக் குத்துவான். அப்பம் ஸ்கேன்ல கிடக்கியது உனக்க மாப்பிள்ளையா இருந்தா?"

"எனக்க மாப்பிள்ளையை எதுக்கலே இழுக்கே?"

"பேரைச் சொல்லியிருக்கணுமாக்கும்!"

"உனக்க அண்ணன் போன மாசம் வண்டியைக் கொண்டு மதில்ல இடிச்சானே, நீ ஆரிட்டயாவது சொன்னியா?"

"அண்ணனைச் சொன்னா இருக்கு உனக்கு!"

ஜெயபாய் குடையை மடக்கினாள். அஜேஷ் வேட்டியை மடித்துக் கட்டினான். வண்டி வந்து நின்றது, யாரும் ஏறவில்லை.